ஐசன்ஹோவர் சும்மா இருந்தவர் அல்ல

1950களின் அமெரிக்கச் செழிப்பு தானாக வந்தது, அப்போதைய அதிபர் ஐசன்ஹோவர் கோல்ஃப் ஆடியே எட்டு ஆண்டுகளைக் கழித்தார் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவும் ஜப்பானும் இடிந்து கிடந்ததால் அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்குப் பெரிய போட்டி இல்லை என்பது உண்மைதான். ஆனால் பணம் புரளும் காலத்தில் எதை மறுக்கிறார் என்பதில்தான் ஒரு தலைவரின் உறுதி தெரியும். 1953இல் சொந்தக் கட்சியினரே வரியைக் குறைக்கச் சொல்லி நெருக்கினார்கள். முதலில் பட்ஜெட் பற்றாக்குறை தீரட்டும் என்று அவர் நின்றார். உச்ச வருமான வரி விகிதம் அவர் காலம் முழுவதும் 90 சதவீதத்துக்கு மேலேயே இருந்தது. முன்னாள் அதிபர் ரூஸ்வெல்ட் கொண்டுவந்த, முதியோருக்கு ஓய்வூதியம் தரும் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தை அவர் கலைக்கவில்லை. 1954இல் விவசாயிகளுக்கும் விரித்தார். இதெல்லாம் சும்மா இருந்தவர் செய்கிற வேலையா?

1956ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தைக் கட்டுரை ஒரே வரியில் கடந்துவிடுகிறது. 41,000 மைல் சாலை, செலவில் 90 சதவீதம் மத்திய அரசுடையது, அதற்கெனப் பெட்ரோல் வரியிலிருந்து தனி நிதி! அதே சாலைகள் மியாமியின் ஓவர்டவுனையும் செயின்ட் பால் நகரின் ரோண்டோவையும் பிளந்துகொண்டு போயின. இரண்டுமே கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள். அவரைக் குறைகூற வேண்டுமானால் இங்கே தொடங்கியிருக்கலாம். பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்ற 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பை அவர் வெளிப்படையாக ஆதரித்துப் பேசத் தயங்கினார். 1957இல் ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் பள்ளிக்குப் போவதைக் கும்பல் தடுத்த பிறகுதான் ராணுவத்தை அனுப்பினார். உலகப் போரில் படை நடத்திய, அத்தனை செல்வாக்குள்ள தளபதி முன்பே வாய் திறந்திருக்க வேண்டும்.