எந்தப் பானிபட், சேர்?

நேற்று இரவு அக்காவின் மகள் ரியூசன் முடிந்து வந்து கொப்பியை மேசையில் எறிந்தாள். பொது அறிவு வகுப்பில் இந்திய வரலாற்றின் முக்கிய தினங்கள் பற்றி ஒரு சின்னப் பரீட்சையாம். இரண்டு விடைக்குச் சிவப்புப் பேனையால் பெரிய பெருக்கல் குறி. எடுத்துப் பார்த்ததும் எனக்குத் தலை கொதித்துவிட்டது.

இந்திய அரசியலமைப்பு ஏற்றுக்கொள்ளப்பட்ட தினம் எது என்பது ஒரு கேள்வி. அவள் எழுதியது 1949 நவம்பர் 26. அதுதானே சரி! அரசியல் நிர்ணய சபை அதை ஏற்றது அன்றைக்கு. 1950 ஜனவரி 26 அது நடைமுறைக்கு வந்த நாள். ஏற்றுக்கொள்வதும் நடைமுறைக்கு வருவதும் வேறு வேறு என்று பிள்ளைக்குத் தெரிகிறது, சேருக்குத் தெரியவில்லை.

மற்றக் கேள்வி இன்னும் மோசம். 'பானிபட் போர் நடந்த ஆண்டு?' ஐயா, எந்தப் பானிபட்? 1526 இல் பாபர் இப்ராகிம் லோடியை வென்றாரே, அதுவா? 1556 இல் அக்பரின் படை ஹேமுவை வென்றதா? 1761 இல் ஆப்கான் மன்னர் அப்தாலியிடம் மராத்தியர் தோற்றதா? இவள் 1761 என்று எழுதியிருக்கிறாள், பிழையாம். மூன்று போர், கேள்வி ஒன்று. சேரின் மனதில் எது இருக்கிறது என்று சாத்திரம் பார்த்தா எழுதுவது?

போன் எடுத்துக் கேட்டேன். "தம்பி, தாளில் என்ன இருக்கோ அதைத்தான் பிள்ளைகள் எழுத வேணும்" என்றார். அவர் கொடுத்த அந்தக் குறிப்புத் தாளையும் பார்த்தேன். போட்டோக்கொப்பிக்குப் போட்டோக்கொப்பி எடுத்து எடுத்து, 1857 இன் ஏழு தேய்ந்து ஒன்றாகிவிட்டது. மீரட்டில் சிப்பாய்கள் 1851 இலேயே கிளம்பிவிட்டதாக எத்தனை பிள்ளைகள் நம்பிக்கொண்டிருக்கிறார்களோ!

இதெல்லாம் நடப்பது திருகோணமலைத் துறைமுகத்திலிருந்து கல்லெறி தூரத்தில். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. 1782 இல் மைசூரை ஆண்ட ஹைதர் அலி ஆங்கிலேயரோடு மோதிக்கொண்டிருந்தபோது அந்தச் சண்டையின் ஒரு முனை இங்கேதான் இருந்தது. ஜனவரியில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைப் பிடித்தார்கள். கடலூருக்குப் போய்த் தங்கள் கூட்டாளி ஹைதரைச் சந்தித்த பிரெஞ்சுத் தளபதி சஃப்ரன், ஓகஸ்ட் முடிவதற்குள் அதைப் பறித்துக்கொண்டார். செப்டெம்பர் 3 இல் இந்தக் கடலிலேயே பெரிய சண்டை. ஏன் இவ்வளவு அடிபிடி? வாடைக்காற்றுக் காலத்தில் சோழமண்டலக் கரையில் போர்க்கப்பல் ஒதுங்க இடம் கிடையாது. சென்னைக்கு அப்போது துறைமுகமே இல்லை, திறந்த கடலில்தான் நங்கூரம். வங்கக் கடல் வேண்டுமென்றால் இந்தத் துறைமுகம் வேண்டும். இந்தக் காரணத்தை ஒரு தரம் சொன்னால் ஆண்டு தானாக மனதில் நிற்குமே!

1942 ஏப்ரல் 9 ஐ எடுங்கள். ஜப்பான் விமானங்கள் துறைமுகத்திலும் பக்கத்துச் சீனன்குடா விமானத்தளத்திலும் குண்டு போட்டன. மூன்று நாள் முன்னர் விசாகப்பட்டினத்துக்கும் காக்கிநாடாவுக்கும் அடி. அதே வாரம் தில்லியில் பிரித்தானிய அமைச்சர் கிரிப்ஸ் காங்கிரசோடு பேரம் பேசிக்கொண்டிருந்தார். பேச்சு முறிந்தது, ஓகஸ்ட் 8 இல் 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம் வந்தது. சேரின் தாளில் ஓகஸ்ட் 8 மட்டும் இருக்கிறது. ஏப்ரலும் இல்லை, கிரிப்சும் இல்லை, திருகோணமலையும் இல்லை. கோட்டை வாசலில் மானுக்கு வாழைப்பழத் தோல் போடக் கூட்டிப்போகிற நேரத்தில் இதைச் சொல்லியிருந்தாலே அரைப் பாடம் முடிந்திருக்கும்.

மாதக் காசு மட்டும் ஒரு நாள் பிந்தக்கூடாது, அதற்குத் தேதி சேருக்கு மிகச் சரியாகத் தெரியும்.

இப்போது உள்ளறையில் முணுமுணுப்புக் கேட்கிறது. பானிபட் 1526, பானிபட் 1526. பிழைக்குத் தண்டனையாகப் பத்துத் தரம் எழுதி வரச் சொன்னாராம்.