தம்பி, ஒரு காபி, சக்கரை கம்மியா

வாயால் கேட்டால் காபி கிடையாதாம். போனை எடுத்து, மேசையில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடு என்கிற கறுப்புக் கட்டத்துக்கு நேரே காட்ட வேண்டுமாம். நேற்று சாயங்காலம் என் அப்பாவின் முகத்துக்கு நேராக இதைச் சொன்னார்கள். அப்போது பற்றிய வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. 78 வயது மனுஷர் அவர்.

எந்த கஃபே என்று கேட்காதீர்கள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம், புதுச்சேரியில் எந்த வீதியில் திரும்பினாலும் புதிதாக ஒன்று முளைத்திருக்கிறது. நேற்று வரை தையல்கடை இருந்த இடம், மாவு மில் இருந்த இடம், யாரோ குடியிருந்த வீடு. எல்லாவற்றிலும் அதே மஞ்சள் விளக்கு, அதே பூசாத சுவர், அதே கட்டம் ஒட்டிய மரக்கட்டை. நீங்களும் போய் உட்கார்ந்திருப்பீர்கள். நீங்களும் போனைத் தூக்கித் தூக்கிக் காட்டியிருப்பீர்கள்.

பீச் ரோட்டில் சாயங்காலம் 6 மணிக்கு வண்டிகளை நிறுத்திவிடுவார்கள் இல்லையா, அந்த நேரத்துக்கு அப்பாவை நடக்கக் கூட்டிப்போவேன். காந்தி சிலையிலிருந்து டூப்ளே சிலை வரை மெதுவாக ஒரு நடை. வலது முட்டியில் ஆபரேஷன் ஆனவர், அதற்கு மேல் முடியாது. நடந்து முடித்ததும் ஒரு காபி குடிக்க வேண்டும் அவருக்கு. அது 40 வருஷப் பழக்கம். மில்லில் ஷிப்டு முடிந்து சங்கு ஊதியதும் காபி. சம்பளத்தன்று நேரு வீதி இந்தியன் காபி ஹவுஸில், தலைப்பாகை கட்டிய பணியாளர் கொண்டுவந்து வைக்கும் காபி. அவர் வேலை பார்த்த ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ் துணி மில் 1898-ல் தொடங்கியது. ரோடியர் மில் என்றால்தான் எங்கள் ஆட்களுக்குத் தெரியும். 2020 ஏப்ரல் 30-ம் தேதியோடு அதையும் மூடிவிட்டார்கள். அந்தக் காபி ஒன்றுதான் மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் எப்போதும் குடிக்கிற டீக்கடை நேற்று பூட்டியிருந்தது. பக்கத்து வீதியில் புதிதாக ஒன்று திறந்திருக்கிறது என்று நான்தான் கூட்டிப்போனேன்.

அது எங்களுக்குத் தெரிந்த வீடு. தெருவை ஒட்டி மரத்தூண் போட்ட தாழ்வாரம், அதற்கு உள்ளே திண்ணை. நம் ஊர்த் தமிழ்ப் பகுதியில் வீடுகளை ஏன் அப்படிக் கட்டினார்கள்? தெருவில் போகிறவன் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி நிற்கட்டும், களைத்தவன் உட்காரட்டும் என்றுதானே. நான் பள்ளிக்கூடம் படித்தபோது மழையில் அந்தத் திண்ணையில் எத்தனையோ தரம் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளேயிருந்து ஒரு ஆயா துண்டு கொண்டுவந்து தலையைத் துவட்டிவிடுவார். இப்போது அதே திண்ணையில் பூந்தொட்டியை வரிசையாக வைத்து, இங்கே உட்காரக் கூடாது என்று ஒரு பலகை மாட்டியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் மட்டும். அதைப் பார்த்ததுமே நான் திரும்பியிருக்க வேண்டும்.

வாசலில் ஒரு பெண். எத்தனை பேர், முன்பதிவு செய்தீர்களா என்று கேட்கிறாள். உள்ளே பார்க்கிறேன், பதினோரு மேசை, அதில் இரண்டில்தான் ஆள். முன்பதிவு இல்லைம்மா, ஒரு காபி குடித்துவிட்டுப் போய்விடுவோம் என்றேன். சரி, பேரும் போன் நம்பரும் சொல்லுங்கள் என்றாள். காபி குடிக்க எதற்கு நம்பர்? பில் போடுவதற்குக் கைபேசி எண்ணைக் கேட்டு வற்புறுத்தக் கூடாது என்று 2023-லேயே நுகர்வோர் விவகாரத் துறை வியாபாரிகளுக்குச் சொல்லிவிட்டது. நான் அதைச் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே மறுபடியும், "நம்பர், மேடம்?" என்றாள். அப்பா நின்றுகொண்டே இருக்கிறார். முட்டி வலிக்கும் என்று தெரியும். கொடுத்துத் தொலைத்தேன்.

உட்கார இடம் பார்த்தால் பாதி நாற்காலி, ஏணி வைத்து ஏற வேண்டிய உயரம். மீதி, தரையோடு தரையாக. ஏறவும் முடியாது, உட்கார்ந்தால் எழவும் முடியாது. கடைசியில் சுவரோரம் ஒரு பெஞ்சு கிடைத்தது. தலைக்கு மேலேயே ஸ்பீக்கர். அப்பா காதில் மெஷின் போட்டிருக்கிறார், அந்தச் சத்தம் அவருக்கு மண்டைக்குள் இடிக்கும். கொஞ்சம் குறைக்கச் சொன்னேன். குறைத்தார்கள். ஐந்து நிமிஷத்தில் பழையபடி ஏறிவிட்டது.

கறுப்பு ஏப்ரன் போட்ட பையன் ஒருவன் வந்தான். அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. எப்போதும் சொல்வதுபோல் சொன்னார்: "தம்பி, ஒரு காபி, சக்கரை கம்மியா."

பையன் மேசையைக் காட்டினான். "சார், ஸ்கேன் பண்ணுங்க."

அப்பாவுக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னார், இந்த முறை இன்னும் நிறுத்தி, விரலை ஒன்று என்று காட்டி. "ஒரு காபிப்பா. சக்கரை மட்டும் கம்மி."

"சார், போன்ல போடுங்க சார்."

அப்பாவிடம் இருப்பது பட்டன் போன். அதைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, யாருக்கு போன் போட வேண்டும் என்று என்னைப் பார்த்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த இடத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. காது கேட்கிற, கை கால் நன்றாக இருக்கிற ஒரு பையன் அரை அடி தூரத்தில் நிற்கிறான். அவன் தமிழ்ப் பையன், விழுப்புரம் பக்கத்துப் பேச்சு. காபி என்பதும் புரிகிறது, சக்கரை கம்மி என்பதும் புரிகிறது. ஆனால் அதை வாங்கிக்கொண்டு பத்தடி தள்ளியிருக்கும் சமையல்கட்டில் சொல்ல மாட்டான். நான் என் போனில் தட்ட வேண்டும், அது எங்கேயோ போய்விட்டுத் திரும்பி வந்து அதே சமையல்கட்டில் சீட்டாக அச்சாக வேண்டும்.

சரி என்று என் போனை எடுத்தேன். பழைய காலத்துச் சுவர், ஒன்றரை அடி கனம், உள்ளே டவர் இல்லை. வைஃபை வாங்கிக்கொள்ளுங்கள் என்றான். வைஃபைக்கு ஒரு தரம் பேர், நம்பர். அப்புறம் ஓடிபி. டவர் இல்லாத இடத்தில் ஓடிபி எப்படி வரும்? போனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனேன். வந்தது. உள்ளே வந்து போடுவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. மறுபடி வாசல். மறுபடி ஓடிபி. இந்தத் தடவை வாசலிலேயே நின்று போட்டேன். வைஃபை கிடைத்தது. அப்புறம் அந்தக் கட்டத்தைக் காட்டினால் இன்னொரு பக்கம் திறந்து, அது தனியாகப் பேர் கேட்கிறது, நம்பர் கேட்கிறது, பிறந்த தேதி கேட்கிறது. நான் இருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்ள அனுமதி கேட்கிறது. உன் மேசையில்தானே உட்கார்ந்திருக்கிறேன்! அப்புறம் அதற்கும் ஒரு ஓடிபி. மூன்றாவது தடவை நான் வாசலுக்குப் போனபோது பதினைந்து நிமிஷம் ஆகியிருந்தது. அப்பா தனியாக உட்கார்ந்து, அந்த மரக்கட்டையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருவழியாக மெனு திறந்தது. எல்லாம் ஆங்கிலம். ஒவ்வொரு படமாக இறங்கி வர, விரலால் தள்ளித் தள்ளி, ரொட்டி, கேக், பழச்சாறு எல்லாம் தாண்டி அடியில் இருக்கிறது நம் ஃபில்டர் காபி. 180 ரூபாய். சக்கரையைக் குறைக்கச் சொல்ல ஓர் இடமும் இல்லை. எதிரே பையன் நிற்கிறான். "தம்பி, சக்கரை கம்மியா போடச் சொல்லுப்பா" என்றேன். "அதுல ஆப்ஷன் இல்ல மேடம்." என் அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி, அதற்கு ஆப்ஷன் வேண்டுமா? நான் சத்தம் போட்டுவிட்டேன். பக்கத்து மேசைப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். பையன் உள்ளே ஓடினான். அவனால் முடியும், முதலிலேயே முடியும். கையில் வாங்கக் கூடாது என்று முதலாளி சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். அது தெரிந்தும் நான் அவனைத்தான் திட்டினேன். அந்த நேரத்தில் எனக்கு வேறு யாரும் கண்ணில் படவில்லை.

இரண்டு காபி வந்தது. டபராவைக் கவிழ்த்து, பக்கத்தில் யாரும் கேட்காத பிஸ்கட் ஒன்றை வைத்து, அழகாகத்தான் இருந்தது. தொட்டுப் பார்த்தால் ஆறிப்போயிருந்தது. டிகாக்‌ஷனில் சிக்கரி தூக்கல், பால் தண்ணீர். அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு டபராவில் ஆற்றக்கூட இல்லை, ஆற்ற என்ன இருக்கிறது? குடிக்கத் தண்ணீர் கேட்டேன். பாட்டில்தான் இருக்கிறது என்றார்கள். அச்சிட்ட விலை 20 ரூபாய், இவர்கள் விலை 90. ஓட்டல்கள் அதிக விலைக்கு விற்கலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது, எனக்கும் தெரியும். ஆனால் மாத்திரை போட வேண்டிய மனுஷருக்கு ஒரு டம்ளர் சாதாத் தண்ணீர் கொடுக்க எந்த நீதிமன்றம் தடுத்தது?

இப்போது பில். இரண்டு காபி 360, தண்ணீர் 90, ஆக 450. அதன் மேல் சேவைக் கட்டணம் 10 சதவீதம், 45. அந்த 495-க்கும் சேர்த்து ஜிஎஸ்டி 5 சதவீதம், 24 ரூபாய் 75 காசு. கடைசியில் 519.75, அதை 520 ஆக்கியிருக்கிறார்கள்.

என்ன சேவை? ஆர்டர் எடுத்தது என் போன். வாசலுக்கும் மேசைக்கும் நடந்தது என் கால். தட்டச்சு செய்தது என் விரல். அந்த 45 ரூபாயை யார் யாருக்குத் தர வேண்டும்?

மேனேஜரைக் கூப்பிட்டேன். இதை எடுங்கள் என்றேன். சிஸ்டத்தில் தானாக வருகிறது, எடுக்க முடியாது என்றார். தானாகச் சேர்க்கக் கூடாது என்பதுதானே விதியே! மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ம் தேதி சொன்னது. ஓட்டல்காரர்கள் வழக்குப் போட்டு இடையில் நிறுத்தி வைத்தார்கள், 2025 மார்ச் 28-ம் தேதி டில்லி உயர் நீதிமன்றம் அந்த விதி சரிதான் என்று தீர்ப்புச் சொன்னது. கொடுப்பதும் கொடுக்காததும் சாப்பிடுகிறவர் விருப்பம், வேறு பேரில் வசூலிக்கவும் கூடாது, அதன் மேல் ஜிஎஸ்டி போடவும் கூடாது. இவ்வளவையும் நின்றுகொண்டு சொன்னேன். முதலாளிக்குப் போன் போட்டார். 1915-க்கு நானும் போன் போடட்டுமா, அது நுகர்வோர் உதவி எண் என்றேன். அதற்கப்புறம் சிஸ்டத்தில் எடுக்க முடிந்தது. 472 ரூபாய் 50 காசு. இதற்குப் பதினைந்து நிமிஷம். நீங்கள் யாராவது இதுபோல் மாட்டினால் அந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பயப்படாமல் கேளுங்கள்.

ஊருக்கு நாலு பேர் வரட்டும், கடை திறக்கட்டும், நம் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கட்டும், வேண்டாம் என்றா சொல்கிறேன்? சனி ஞாயிறில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிறவர்கள் அந்தக் கட்டத்தைக் காட்டிக் குடிக்கட்டும். அதோடு கூட ஒரு காகித மெனு வையுங்கள். அதில் தமிழில் நாலு வரி எழுதுங்கள். வாயால் கேட்கிறவரிடம் காதால் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு கூஜாவில் தண்ணீர் வையுங்கள். இதற்கு என்ன செலவாகிவிடும்? இந்த ஊரில் பிறந்து, இந்த ஊரில் நெய்து, இந்த ஊருக்கு வரி கட்டிய ஆள், தான் நடந்து வளர்ந்த வீதியில் உட்கார்ந்து ஒரு காபி கேட்க முடியவில்லை என்றால் அந்தக் கடை யாருக்காக இருக்கிறது?

வெளியே வரும்போது அப்பா திண்ணைக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார். முட்டி பிடித்துக்கொண்டது. உட்கார இடம் பார்க்கிறார், தொட்டி. நான் ஒரு தொட்டியைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு அவரை உட்கார வைத்தேன். யாராவது வந்து ஏதாவது சொல்லட்டும் என்றுதான் நின்றேன். யாரும் வரவில்லை. அப்பா அப்போது கேட்டார், "ஏம்மா, நான் சொன்னது அந்தப் பையனுக்குப் புரியலையா?" புரிந்தது அப்பா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்து நானே காபி போடலாம் என்று அடுப்பைப் பற்றவைத்தால், தண்ணீர் கேன் காலி. குழாயைத் திறந்தால் கரிக்கிற தண்ணீர். கடலை ஒட்டிய ஊரில் போர் போட்டு உறிஞ்சி உறிஞ்சி, நிலத்தடியில் உப்பு ஏறி, அதையே தொட்டியில் ஏற்றி வீட்டுக்கு வீடு விடுகிறார்கள். வாயில் வைக்க முடியாது, பருப்பு வேகாது, குக்கர் அடியில் வெள்ளையாகப் படிகிறது. தண்ணீர் வரி ரசீது மட்டும் ஒழுங்காக வருகிறது. மூன்று தரம் நேரில் போய் எழுதிக் கொடுத்துவிட்டேன், பார்க்கிறோம் என்றார்கள். எதைப் பார்க்கிறார்கள்? ராத்திரி 8 மணிக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டு அக்கா வாசலில் போய் நின்றேன். அவர் வீட்டிலும் அரைக் கேன்தான் இருந்தது, அதில் இரண்டு சொம்பு ஊற்றினார். அதில்தான் அப்பாவுக்குக் காபி போட்டேன், சக்கரை கம்மியாக. இன்று காலையிலும் குழாயில் அதே உப்புத் தண்ணீர்தான் வருகிறது.