லீசு மக்களுக்கு வேதாகமம் இல்லை என்ற செய்தி தவறு
மியான்மரின் வட மலைகளில் வாழும் லீசு மக்களுக்குச் சொந்த எழுத்தே கிடையாது, வேதாகமத்தில் ஒரு வசனம்கூட அவர்கள் மொழியில் இல்லை, ஜெபித்துவிட்டு பத்துப் பேருக்கு அனுப்புங்கள் என்று ஜெபக் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. அது உண்மை இல்லை. கரேன் இனத்து ஊழியர் சாரா பா தா உருவாக்கி, மிஷனரி ஜேம்ஸ் ஃபிரேசர் மெருகேற்றிய எழுத்து நூறு வருஷத்துக்கும் மேலாக அவர்களிடம் இருக்கிறது; ஆங்கிலப் பெரிய எழுத்துகளையே நேராகவும் தலைகீழாகவும் போட்டு எழுதுவார்கள், பார்க்க வேடிக்கையாக இருக்கும். புதிய ஏற்பாடு 1930களிலேயே முடிந்தது, முழு வேதாகமம் 1968இல் வந்துவிட்டது. சந்தேகம் இருந்தால், கணினிக்காக உலக மொழிகளின் எழுத்துகளைத் தொகுக்கும் யூனிகோட் தளத்தில் லீசு எழுத்து அட்டவணையைத் திறந்து பாருங்கள், 2009இலேயே சேர்த்துவிட்டார்கள். ஜெபிக்க வேண்டுமா, சரி, வட மியான்மரின் கச்சின் பகுதியில் சண்டையால் ஊரைவிட்டு ஓடியவர்களுக்காக ஜெபியுங்கள். அந்தச் செய்தியை மட்டும் இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.