வாசலில் பலகை, வேலைக்காரர்களுக்குப் பின்பக்க லிஃப்ட்

அந்த லிஃப்ட் நோட்டீஸைப் பற்றி இனி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அதை ஒட்டிய எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கம் இப்போது வாசலில் 'எல்லா மதமும் சொல்வது ஒன்றே' என்று பெரிய பலகை மாட்டி, அதற்கு வாழ்த்து மழை வேறு. நாலடி தள்ளி நோட்டீஸ் அப்படியே இருக்கிறது: 'வீட்டு வேலை செய்பவர்கள் பின்பக்க லிஃப்டை மட்டும் பயன்படுத்தவும்.'

பலகையில் தப்பில்லை. உனக்கு வேண்டாததைப் பிறருக்குச் செய்யாதே, நீ விரும்புவதையே பிறருக்குச் செய் என்ற நெறிதான்: குறள் 316 சரி, பைபிளின் மத்தேயு 7:12 சரி, சீன ஞானி கன்ஃபூசியஸும் சரி. வசதியில்லாத பாதியை வெட்டியதுதான் தப்பு. ஒற்றைக் காலில் நிற்கும் நேரத்தில் யூதர்களின் வேதமான தோராவை முழுக்கச் சொல்லிக்கொடு என்று வந்தவனை யூத குரு ஷம்மாய் அளவுகோலால் விரட்டினார். இன்னொரு குரு ஹில்லேல் பொறுமையாகச் சொன்னார்: உனக்கு வெறுப்பானதை அடுத்தவனுக்குச் செய்யாதே, மற்றதெல்லாம் இதற்கு உரை, போய்ப் படி. பலகையில் 'போய்ப் படி' மட்டும் இல்லை!

படித்திருந்தால் தெரிந்திருக்கும், சிக்கலே அடுத்தவன் யார் என்பதில்தான். அந்தத் தோராவிலேயே லேவியராகமம் 19:18 'உன்னைப்போல் பிறனை நேசி' என்னும்போது சொந்த ஜனத்தாரைச் சொல்கிறது. 16 வசனம் தள்ளி 19:34, அந்நியனையும் அப்படியே நேசி, நீங்களும் எகிப்தில் அந்நியராக இருந்தவர்கள்தானே என்கிறது. பைபிளின் லூக்கா 10-ல் 'எனக்குப் பிறன் யார்?' என்று கேட்டவனுக்கு இயேசுவிடம் கிடைத்த பதில், அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய, யூதர்கள் ஒதுக்கிய ஒரு சமாரியனின் கதை.

'சின்ன விஷயத்துக்கு மதத்தை இழுக்காதே' என்பீர்கள். பலகை மாட்டியது நானா?

'அவர்கள் இடத்தில் இருந்தால் எனக்கு ஒன்றும் தோணாது' என்று ஒருவர். இந்த நெறி கெட்டுப்போவதே இங்கேதான். அடுத்தவர் ருசி வேறாக இருக்கலாமே என்று நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா 1903-லேயே கிண்டலடித்துவிட்டார். உங்கள் சம்பளத்தோடும் உங்கள் முழங்காலோடும் போய் அங்கே நின்றால் ஒன்றும் தோணாதுதான். வேலைக்கு வருபவருடைய முழங்காலோடு, நாலாவது வீட்டு வேலைக்கு நேரமாகிவிட்ட அவசரத்தோடு, பின்பக்க லிஃப்ட் ரிப்பேரான அன்றைக்கு நின்று பாருங்கள். முன்பக்கத்து லிஃப்ட் கண்ணெதிரே காலியாக மேலே போகும்.

'அப்படியானால் குற்றவாளியும் நீதிபதியிடம், என் இடத்தில் இருந்தால் உங்களுக்குத் தண்டனை வேண்டுமா என்று கேட்பானே' என்றால், ஜெர்மன் தத்துவஞானி காண்ட் 1785-ல் எழுப்பிய கேள்வி, நல்ல கேள்வி. ஆனால் தரை துடைக்க வந்தவர் என்ன குற்றம் செய்தார்?

'லிஃப்ட் பாரம் தாங்காது' என்பதுதான் உச்சம். உள்ளே தகட்டில் 8 பேர், 544 கிலோ என்று போட்டிருக்கிறது. ஆளுக்கு 68 கிலோ கணக்கு. 15 லிட்டர் வாளியை நிறைத்தே கொண்டுபோனாலும் இன்னொரு ஆளின் கால்வாசி எடைகூட ஆகாது. தண்ணீர் சிந்தும் என்கிறீர்களா? அதே நோட்டீஸின் கீழ்வரியில் நாய்க்கு முன்பக்க லிஃப்ட் உண்டு, சங்கிலி மட்டும் கட்டாயம் என்று இருக்கிறதே, அது எப்படி?

உடனே 'நாய் வளர்ப்பவர்கள்மேல் என்ன கோபம்' என்று வராதீர்கள். நாய் தாராளமாகப் போகட்டும். அதைக் குளிப்பாட்ட வரும் அம்மாவும் அதே லிஃப்டில் போகட்டும் என்கிறேன்.