சீலிங்கில் லைட் கட்டிய மனிதர்

பிரெஞ்சுப் புதிய அலை (1950-60களில் இளம் இயக்குநர்கள் கிளப்பிய சினிமா இயக்கம்) என்றாலே ‘கேமராவைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினார்கள்’ என்று ஒரே வரியில் கதையை முடித்துவிடுகிறோம். அந்த அலையின் ஒளிப்பதிவாளர் ரவூல் கூட்டார் விஷயத்தில் அது பாதிகூட இல்லை. தோளில் தூக்க யாராலும் முடியும். வெளிச்சம் போதாத இடத்தில் நெகட்டிவில் ஏதாவது பதிய வேண்டுமே, அங்கேதான் பாடு.

1959, இயக்குநர் கோதாரின் ‘பிரெத்லெஸ்’. தேர்ந்தெடுத்தது இல்ஃபோர்டு எச்.பி.எஸ். ஃபிலிம், 400 ஏ.எஸ்.ஏ. (ஃபிலிமின் வேகம்; எண் கூடக் கூடக் குறைந்த வெளிச்சமே போதும்). ஆனால் அது ஸ்டில் கேமராவுக்கான ஃபிலிம், 17.5 மீட்டர் சுருளாகத்தான் கிடைத்தது. நொடிக்கு 24 ஃபிரேம் ஓடினால் 38 நொடியில் காலி! சுருள்களை ஒன்றோடொன்று ஒட்டித்தான் ஓட்டினார்கள். அடுத்த தலைவலி, ஓரத்துத் துளைகள். ஸ்டில் ஃபிலிமின் துளை வடிவம் சினிமா நெகட்டிவோடு ஒத்துப்போகாது. கேமஃப்ளெக்ஸ் கேமரா அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் அது ஓடினால் ஒரே சத்தம், வசனமெல்லாம் டப்பிங்கில்தான். பாரிஸின் ஷான்ஸெலிஸே சாலையில் தபால் தள்ளுவண்டிக்குள் கூட்டார் கேமராவோடு ஒளிந்துகொண்டு எடுத்தது இந்தக் கூத்தோடுதான்.

அப்புறம் லேப். ஃபெனிடோன் டெவலப்பரில் (ஃபிலிம் கழுவும் மருந்து) போட்டு 800-க்குப் புஷ் பண்ணினார்கள், அதாவது 400 ஃபிலிமை 800 என்று வைத்து எடுத்து, கூடுதலாகக் கழுவினார்கள். பெரிய லேபில் எல்லார் நெகட்டிவும் ஒரே தொட்டியில் போகும். ஒரு படத்துக்காக மருந்தை மாற்ற மாட்டார்கள். ஜி.டி.சி. லேபில் சோதனைக்கென்று கிடந்த சின்ன மெஷின் கைகொடுத்தது. புஷ் பண்ணினால் கிரெய்னும் (படத்தில் தெரியும் பொடிப்பொடிப் புள்ளிகள்) கான்ட்ராஸ்ட்டும் (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசம்) ஏறும். நிழலில் பதியாத விவரம் மட்டும் எவ்வளவு புஷ் பண்ணினாலும் வராது. இதைத் தெரியாமல் ‘அந்த லுக்’ வேண்டும் என்று கேட்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

என் கணக்கில் அவருடைய பெரிய வேலை சீலிங் லைட்டிங். ஃபோட்டோஃப்ளட் என்ற பிரகாசமான பல்புகளை மேலே கட்டி, சீலிங்கை நோக்கித் திருப்பிவிடுவார். வெளிச்சம் தெறித்து அறை முழுக்க ஒரே சீராகப் பரவும். நடிகர் எங்கே நடந்தாலும் சரி, கேமரா எந்தப் பக்கம் திரும்பினாலும் சரி, ஸ்டாண்டு ஃபிரேமில் வராது. ஆனால் சீலிங் வெள்ளையாக இருக்கணும், தாழ்வாகவும் இருக்கணும். பச்சைச் சுவர் என்றால் கலர் படத்தில் முகமும் பச்சை. கண்குழியில் நிழல் விழும். தெறிப்பில் பாதி வெளிச்சம் போய்விடும், அதனால்தான் வேகமான ஃபிலிமே தேவைப்பட்டது.

இந்தோசீனாவில் போர்ப் புகைப்படம் எடுத்த கூட்டார் இயக்கிய முதல் படம் ‘ஹோவா பின்’. தாயை இழந்த சைகோன் சிறுவன் கைக்குழந்தைத் தங்கையைக் காப்பாற்றும் கதை. 1970-இல் கான் விழாவில் சிறந்த முதல் படத்துக்கான பரிசு, பிறகு ஆஸ்கர் பரிந்துரை. கோதாரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் இதற்கு ஒரு பத்தி ஒதுக்குவதில்லை. 1980-இல் அவர் எடுத்த கோல்வேசி (ஆப்பிரிக்க நகரம்) ராணுவப் படத்தை மறந்தாலும் பரவாயில்லை, இதை மறக்கக் கூடாது.