“புகைதானே” என்று இனி யாரும் என்னிடம் சொல்லாதீர்கள்

இன்று காலையும் குப்பையைக் கொளுத்திவிட்டார்கள். பிளாஸ்டிக் பை, தெர்மாகோல், பழைய ஒயர் எல்லாம் ஒரே குவியலில். கறுப்புப் புகை நேராக எங்கள் ஜன்னலுக்கு வந்தது. போய்க் கேட்டால், “புகைதானே, கொஞ்ச நேரம் கதவைச் சாத்திக்கோங்க” என்கிறார்கள்.

வயிறு எரிகிறது! சாத்தினால் நின்றுவிடுமா? அந்தப் புகையில் இருக்கும் நுண்துகள், பிஎம் 2.5 என்கிறார்களே, அது தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய 30-இல் ஒரு பங்கு. அது நுழையக் கதவிடுக்கே போதும். மூக்கும் தொண்டையும் பிடித்து வைப்பது பெரிய தூசியைத்தான். இது நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை இறங்கி, அதில் மிக நுண்ணியவை ரத்தத்திலும் கலந்துவிடும். மாரடைப்பு, பக்கவாதம் வரை இழுத்துவிடுவது அதனால்தான்.

என் மகளுக்கு ஆறு வயது. இழுப்பு உண்டு. எட்டு மணிக்கெல்லாம் மூச்சு விடும்போது விசில் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. விலா எலும்புகளுக்கு நடுவே தோல் குழிந்து குழிந்து எழுகிறது. “அம்மா... தண்ணி...” இரண்டே வார்த்தை, அதற்கு நடுவிலும் ஒரு மூச்சு வாங்க வேண்டியிருந்தது அவளுக்கு. ஸ்பேசர் என்ற குழாயில் இன்ஹேலரைப் பொருத்தி முகத்தில் வைத்து, ஒவ்வொரு மூச்சாக எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குழந்தைகள் நம்மைவிட வேகமாக மூச்சு விடுகிறவர்கள். அவர்கள் எடைக்கு உள்ளே போகும் புகையும் அதிகம்.

“புகையால யார் செத்தாங்க?” என்று வேறு கேட்டார் ஒருவர். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் காற்று மாசால் ஆண்டுக்குச் சுமார் 70 லட்சம் பேர் அகால மரணம் அடைகிறார்கள். லண்டனில் ஆஸ்துமாவால் இறந்த எல்லா (Ella) கிஸ்ஸி-டெப்ரா என்ற சிறுமிக்கு வயது 9. அந்தச் சாவுக்குக் காற்று மாசும் காரணம் என்று 2020-இல் விசாரணை அதிகாரியே பதிவு செய்தார். அதற்கும் அவள் அம்மா பல வருடம் போராட வேண்டியிருந்தது.

வெளிக்காற்று மாசு புற்றுநோய் தரும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2013-லேயே உறுதி செய்து, புகையிலைப் புகை இருக்கும் அதே முதல் பிரிவில், அதாவது புற்றுநோய் தருவது உறுதியானவற்றின் பட்டியலில், வைத்துவிட்டது. குழந்தை பக்கத்தில் யாராவது சிகரெட் பற்றவைத்தால் இதே ஆட்கள் சண்டைக்குப் போவார்கள். அப்புறம் இவ்வளவு பெரிய குவியலைக் கொளுத்த மட்டும் எப்படிக் கை வருகிறது?

கொளுத்தியவர்கள் வேலைக்குக் கிளம்பிவிட்டார்கள். குவியல் கனன்றுகொண்டே கிடந்தது. நான்கு வாளி தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.