மாவோ காலத்தில் பழமைக்கு மதிப்பே இல்லையா?

"கலாச்சாரப் புரட்சி நடந்த பத்து வருஷமும் சீனாவில் பழைய பொருளை யாரும் மதிக்கவில்லை, சீர்திருத்தம் தொடங்கிய 1978-க்கு அப்புறம்தான் புத்தி வந்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். பாதிதான் சரி. அது பழைய சிந்தனைகளையும் பழக்கங்களையும் ஒழிக்க 1966-ல் மாவோ தொடங்கிய இயக்கம். 1966 நவம்பரில் மாவோவின் இளைஞர் படையான செங்காவலர்கள், பண்டைய சீனத் தத்துவஞானி கன்பூசியஸின் ஊரான சூஃபுவில் கல்வெட்டுகளை உடைத்து, அவர் வம்சத்தாரின் கல்லறைகளையும் தோண்டினார்கள். அதை மறுக்க முடியாது.

ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில் பிரதமர் சூ என்லாய் பெய்ஜிங் அரண்மனையின் கதவுகளை மூடச் சொல்லிக் காப்பாற்றினார். 1972-ல் சாங்ஷா அருகே மவாங்துயில் ஹான் அரச வம்சக் காலக் கல்லறையைத் தோண்டினார்கள். சுமார் 2,100 ஆண்டுக்கு முந்தைய பெண்மணியின் உடல் தோல் கெடாமல் இருந்தது. வயிற்றில் முலாம்பழ விதைகள்! கூடவே 49 கிராம் எடையுள்ள ஒரு முழுப் பட்டு அங்கி. அதைப் பத்திரமாக எடுத்துப் பாதுகாத்தவர்கள் அந்தக் காலத்து ஆய்வாளர்கள்தான். அவர்கள் உழைப்பை ஒரே வரியில் அழித்துவிடாதீர்கள்.

சீனாவின் முதல் பேரரசர் சின் ஷி ஹுவாங்கின் கல்லறைக்காகச் செய்த சுடுமண் படைவீரர் சிலைகள் வெளிவந்ததும் 1974-ல். அதே ஆண்டில்தான் கன்பூசியஸைக் கண்டிக்கும் இயக்கமும் நாடெங்கும் நடந்தது. அதில் அந்தச் சின் ஷி ஹுவாங்குக்குப் புகழாரம். எந்தப் பழமை வேண்டும், எது வேண்டாம் என்பதை அரசியல் தீர்மானித்தது. அரசியல் மாறியதும், 2013-ல் சீன அதிபர் ஷி ஜின்பிங் சூஃபுவுக்கே போய்க் கன்பூசியஸைப் பாராட்டிப் பேசினார்.